உரித்த கையும் ஒட்டிய ஓடும்

பொழுது புலர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. 1924ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர், ஜொகூர் பாருவின் சாலைகளில் அதற்குள் நிறையத் தொடங்கிவிட்டனர். அவர்களுக்குச் சாலையோரத்தில் நாசி லெமாக் பொட்டலம் விற்றுப் பிழைக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனக்கண்முன் கொண்டு வருவோம். அடுப்பில் தேங்காய்ப்பாலில் சோறு வெந்துகொண்டிருக்கிறது. சம்பல் கொதிக்கிறது. பள்ளிச் சீருடை அணியுமுன், மூத்த மகள் தரையில் அமர்ந்து அறுபது முட்டைகளை உரித்துக்கொண்டிருக்கிறாள்.

முட்டை வழுவழுப்பாக வெளிவந்தால்தான் நேராகப் பிளந்து பொட்டலத்தில் வைக்க முடியும். ஆனால் இன்று ஓட்டோடு வெள்ளைக்கருவும் சேர்ந்தே பிய்ந்து வருகிறது. மேலெல்லாம் பள்ளம்; சிலவற்றில் மஞ்சட்கருவே எட்டிப் பார்க்கிறது. தாய் திரும்பிப் பார்க்கிறாள்.

"ஏம்மா, முட்டையை இப்படிக் குதறி வச்சிருக்கே? கையில கொஞ்சங்கூடப் பொறுமையே இல்லையே!"

"மெதுவாத்தாம்மா உரிச்சேன்," என்கிறாள் மகள். அந்தச் சொல் கொதிக்கும் சம்பலின் ஓசையில் கரைந்து போகிறது.

சிறிய செய்திதான். முட்டை உரிப்பதைப் பற்றி அறநூல்கள் பேசியதில்லை. ஆயினும் அந்த அடுக்களையில் அந்நேரத்தில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது என்பதை மறுக்க முடியாது. குற்றம் தட்டிலே கிடக்கிறது. குற்றவாளி அதன் எதிரே அமர்ந்திருக்கிறாள். சான்று தேட வேண்டியதில்லை என்றே எவருக்கும் தோன்றும். அத்தகைய தீர்ப்பு அறமாகுமா என்பதே இங்கு எண்ணிப் பார்க்கத்தக்க வினா.

இதற்கு விடை காண முதலில் முட்டையையே கேட்க வேண்டும். ஓடு ஏன் ஒட்டுகிறது?

முட்டையோடு பார்வைக்குக் கல்போல் இறுகியதாகத் தோன்றினும், அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. ஜொகூர் மலாய்த் திருமணங்களில் விருந்தினருக்கு வழங்கப்படும் 'தெலூர் பிண்டாங்' இதற்குக் கண்கண்ட சான்று. ஓடு நீக்கப்படாத முட்டையை மணப்பொருள்களும் இலைகளும் இட்ட நீரில் பல மணி நேரம் வேக வைக்கின்றனர். உரித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக்கரு பழுப்பு நிறமாகியிருக்கும், மணமும் ஏறியிருக்கும். மூடியிருப்பதாக நாம் எண்ணும் ஓட்டின் வழியே இத்தனை போக்குவரத்து நடக்கிறது.

உள்ளே செல்வதுபோல் வெளியேறுவதும் உண்டு. கோழி இட்ட புத்தம்புது முட்டையின் வெள்ளைக்கருவில் கரிவளி கரைந்திருக்கிறது. அமிலத்தையும் காரத்தையும் அளக்கும் பி.எச். கணக்கில் அதன் நிலை அப்பொழுது ஏறத்தாழ 7.6 முதல் 7.9 வரை. நாள் செல்லச் செல்லக் கரிவளி நுண்துளைகளின் வழியே கசிந்து வெளியேறுகிறது. வெள்ளைக்கருவின் காரத்தன்மை உயர்ந்து 9ஐயும் கடக்கிறது. ஓட்டின் உட்புறம் இரண்டு மெல்லிய சவ்வுகள் உள்ளன. காரத்தன்மை குறைந்திருக்கும் வரையில் வெந்த வெள்ளைக்கரு உட்சவ்வை இறுகப் பற்றிக்கொள்கிறது. உயர்ந்தபின் அந்தப் பிடி தளர்கிறது. ஆகவே நேற்றோ இன்றோ இட்ட முட்டை எளிதில் உரியாது. சில நாள் இருந்த முட்டை எளிதில் உரியும்.

அந்தத் தாய் முதல் நாள் மாலையில் வாங்கிய முட்டைகள், கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்பெற்ற யோங் பெங் வட்டாரத்திலிருந்து அன்றுதான் வந்திறங்கியவை என்று வைத்துக்கொள்வோம். நல்ல சரக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். அவள் செய்தது சரியே. ஆனால் முட்டையின் அந்த நற்பண்பே மகளின் விரல்களுக்குப் பகையாய் முடிந்தது.

அடுத்து, நீரைக் கேட்போம். அடுப்பு மூட்டியவுடன் குளிர்ந்த நீரில் முட்டைகளைப் போட்டுவிட்டு அரிசி களையச் செல்வது பல வீடுகளில் வழக்கம். நீர் மெல்லச் சூடேறும்போது வெள்ளைக்கருவும் மெல்ல இறுகுகிறது. அந்த நீண்ட இடைவேளையில் அது சவ்வோடு நன்கு ஒட்டிக்கொள்கிறது. கொதிக்கும் நீரிலோ ஆவியிலோ இட்டால், வெள்ளைக்கருவின் மேற்புறம் சட்டென்று இறுகித் தன்னளவில் சுருங்கிக்கொள்கிறது. சவ்வைப் பற்றிக்கொள்ள அதற்கு நேரமில்லை. அமெரிக்காவின் சமையற்கலை எழுத்தாளரான ஜே. கெஞ்சி லோபெஸ்-ஆல்ட் நூற்றுக்கணக்கான முட்டைகளை வெவ்வேறு முறைகளில் அவித்துச் சோதித்து, தொடக்கத்தில் முட்டை படும் சூடே மற்றெல்லாவற்றினும் முதன்மையான காரணம் என்று 2019ஆம் ஆண்டில் எழுதினார்.

இனிக் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். மகள் அந்த முட்டையைக் கையில் எடுக்குமுன்னரே முடிவு பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டது. கோழி முட்டையிட்ட நாள் ஒன்று. பண்ணையிலிருந்து கடைக்கு வந்த விரைவு ஒன்று. தாய் நீர் வைத்த முறை ஒன்று. இத்தனைக்கும் பிறகு வந்தது மகளின் கை. ஆனால் ஓடு உடைந்ததும் உள்ளிருந்த குறை வெளிப்பட்டதும் அந்தக் கையில்தான். குறையை உண்டாக்கிய கை வேறு. குறையை வெளிப்படுத்திய கை வேறு. கண்ணுக்குப் புலப்படுவது பின்னதே. மனித மனம் புலப்படுவதைப் பற்றிக்கொண்டு, அதுவே காரணம் என்று துணிந்துவிடுகிறது.

இந்தப் பிழை அடுக்களையோடு நின்றிருந்தால் இதைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியதில்லை. ஜொகூர்த் தமிழரின் வாழ்வில் இதற்கு நெடிய வரலாறு உண்டு.

குளுவாங்கிலும் ரெங்கத்திலும் சிகாமட்டிலும் லாபிசிலும் தோட்டப்புறங்களில் வாழ்ந்த தலைமுறைக்கு, காயப்படுத்தாமல் உரிப்பது என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரம் சீவுவதும் அத்தகைய தொழிலே. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த ஹென்றி நிக்கலஸ் ரிட்லி 1890களில், மரத்துக்குக் கேடு நேராமல் பட்டையை மெல்லியதாகச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். பட்டைக்கும் உள்மரத்துக்கும் இடையே மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. உளி அதைத் தொடாமல், ஆனால் அதற்கு மிக அருகில் செல்ல வேண்டும். மேலாகச் சீவினால் பால் குறையும். ஆழமாகச் சீவினால் மரம் காயப்படும். இருட்டில், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களில் இந்த நுட்பத்தை நாள்தோறும் செய்தவர்கள் நம் முன்னோர்.

காயப்பட்ட இடத்தில் வளரும் புதுப்பட்டை சமமாக வருவதில்லை. முண்டும் முடிச்சுமாகத் திரள்கிறது. பல ஆண்டுகள் கழித்து அந்தப் புதுப்பட்டையைச் சீவும் முறை வேறொரு தொழிலாளிக்கு வரும். அவருடைய உளி முடிச்சில் தடுக்கும், பால் குறையும். பால் நிறுக்கும் கொட்டகையில் வாளியைத் தராசில் வைக்கும்போது, பழைய காயத்தைச் செய்தவர் அங்கே நிற்கமாட்டார், நிற்பவர் இவர். இலையுதிர் காலத்தில் மரமே பாலைக் குறைத்துக்கொள்ளும். மழை பெய்தால் வேலையே நடவாது. மரத்தின் வயதும் பருவமும் முந்தைய உளியும் தராசில் ஏறுவதில்லை. வாளி ஒன்றே ஏறுகிறது. அதைச் சுமந்து வந்தவரே கண்டிப்பையும் சுமந்தார்.

தோட்டத்தில் நின்ற தராசு பள்ளிக்கூடத்திலும் நிற்கிறது. 1988 முதல் 2019 வரை நம் தொடக்கப் பள்ளிகளின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை எழுதினர், 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்த நாளில் எவர் முகத்தை எல்லோரும் பார்த்தனர் என்பதைத் தமிழாசிரியர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆறாம் ஆண்டு ஆசிரியரைத்தான் பார்த்தனர். பாலர் பள்ளிக்குப் போகாமலே முதலாம் ஆண்டில் சேர்ந்த குழந்தை, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமலே மூன்றாம் ஆண்டைக் கடந்த குழந்தை, காலையில் உண்ணாமல் வந்த குழந்தை ஆகியோரின் ஐந்தாண்டு வரலாறு அந்த முடிவுத்தாளில் எழுதப்படவில்லை. கடைசியில் உரித்த கை அவருடையது. பிய்ந்து வந்த வெள்ளைக்கருவும் அவர் கணக்கில் எழுதப்பட்டது. தேர்வு போய்விட்டது, ஆனால் கடைசிக் கையைப் பார்க்கும் பழக்கம் போய்விட்டதா?

பழியில் நேரும் இப்பிழை புகழிலும் நேர்கிறது. இதையும் முட்டையே காட்டித் தருகிறது. மிக எளிதாக, ஒரு கீறலும் இல்லாமல் உரிந்து வரும் முட்டை எது? பல நாள் கிடந்து பழையதான முட்டை. வழுவழுப்பை மட்டுமே கண்டு பாராட்டுகிறவர், தம்மை அறியாமலே பழைமைக்குப் பரிசளிக்கிறார். மேலும், புறத்தே மாசற்று விளங்கும் முட்டையைப் பிளந்து பார்த்தால், மஞ்சட்கருவைச் சுற்றிப் பசுமை படர்ந்த சாம்பல்நிற வளையம் ஒன்று தெரிவதுண்டு. அளவுக்கு மீறி வேக வைத்ததால், வெள்ளைக்கருவிலிருந்து எழும் கந்தகக் கூறும் மஞ்சட்கருவிலுள்ள இரும்பும் கூடி விளைந்த நிறம் அது. அதனால் உண்பவர்க்குத் தீங்கில்லை. ஆயினும் அது பதம் தவறியதற்கு அடையாளம். புறத்தின் நேர்த்தி அகத்தின் பதத்துக்குச் சான்றாகாது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டுவது எளிதன்று.

வகுப்பறையிலும் இத்தகைய மயக்கம் உண்டு. சொன்னவுடன் விட்டுக்கொடுக்கும் மாணவன் நல்லவன் எனப்படுகிறான். கேள்வி கேட்டு, தன் கருத்தை விடாமல் பற்றிக்கொண்டு, ஆசிரியரின் பொறுமையைச் சோதிக்கும் மாணவன் முரடன் எனப்படுகிறான். பின்னவனிடம் இருப்பது ஒருவேளை புதுமையின் பிடிப்பாக இருக்கலாம். அவனுக்குச் சற்றுக் காலம் கொடுக்க வேண்டியிருக்கலாம். எளிதில் உரிவது ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அவனை இழந்துவிடுவோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், எழுவதும் முறையே. "எல்லாவற்றுக்கும் முன்னே ஒரு காரணம் உண்டென்றால், எவர்தாம் எதற்குப் பொறுப்பு? அசட்டையாக வேலை செய்பவனும் முட்டையையும் நீரையும் காட்டித் தப்பித்துக்கொள்ளமாட்டானா?" என்று ஆசிரியர் ஒருவர் கேட்கலாம். அந்த அச்சம் பொருளற்றதன்று. காரணம் காட்டுவது வேறு. சாக்குச் சொல்வது வேறு. இரண்டையும் பிரிக்கத் தெரியாத சமூகத்தில் உழைப்பும் நேர்மையும் தளர்ந்துவிடும்.

ஆகவே, கடைசிக் கைக்குரிய கடமை எது என்பதையும் வரையறுத்தாக வேண்டும். முட்டையின் அகன்ற முனையில் இரு சவ்வுகளும் பிரிந்து ஒரு காற்றறை அமைந்திருக்கும். உரிப்பதை அங்கே தொடங்க வேண்டும்; அங்கேதான் விரல் நுழைய இடமுண்டு. ஓட்டை மட்டும் பெயர்க்காமல் சவ்வின் அடியே விரல் சென்றால், ஓடும் சவ்வும் ஒருசேரக் கழன்று வரும். அவித்த முட்டையைக் குளிர்ந்த நீரில் ஆறவைத்து, அந்நீரிலேயே உரித்தால், நீர் சவ்வினடியே புகுந்து பிரித்துத் தரும். இவையெல்லாம் மகளின் கையைச் சேர்ந்தவை. இவற்றை அறிந்திருந்தும் கூர்முனையில் தொடங்கி, அவசரத்தில் பிய்த்திருந்தால், அந்த அளவுக்கு அவள் பொறுப்பாளியே. ஒட்டும் முட்டையை ஒட்டாததாக்கும் ஆற்றல் அவளுக்கில்லை. ஒட்டியதை மேலும் கெடுக்காமல் இருக்கும் ஆற்றல் உண்டு. ஆற்றல் எந்த அளவோ, பொறுப்பும் அந்த அளவே.

வள்ளுவர் பொருட்பாலில் அமைத்த அதிகாரங்களின் வரிசை இங்கு நினைக்கத்தக்கது. பரிமேலழகர் உரையில் காணும் வைப்புமுறைப்படி வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகியவை 48, 49, 50ஆம் அதிகாரங்களாக நிற்கின்றன. அவற்றின் பின்னரே, 51ஆவதாக, மனிதரை ஆராய்ந்து தெளியும் தெரிந்துதெளிதல் வருகிறது. இவை அரசனுக்குச் சொல்லப்பட்டவை; வினை மேற்கொள்வதற்கும் ஆளைத் தேர்வதற்கும் உரியவை. ஆயினும் தீர்ப்புச் சொல்லும் எவரும் இவ்வரிசையைத் தமக்குப் பாடமாகக் கொள்ளலாம். வலியை அறி; காலத்தை அறி; இடத்தை அறி; அதன் பின்னரே ஆளை அறியப் புகு. அந்தத் தாய் செய்த பிழை, முதல் மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதிலிருந்து தொடங்கியதுதான். முட்டையின் வயது காலம். காற்றறை இருக்கும் முனை இடம். மகளின் விரலுக்குள்ள திறன் வலி. இம்மூன்றையும் ஆராய்ந்த பின்னும் குறை எஞ்சினால், அப்பொழுது அவளைக் கடிந்துகொள்ளலாம்.

அப்படியானால் பழியை மகளிடமிருந்து எடுத்துத் தாயின் தலையில் வைத்துவிடலாமா? குளிர்ந்த நீரில் முட்டையைப் போட்டவள் அவள்தானே? அவ்வாறு செய்தால் முதற்பிழையையே மறுபடியும் செய்தவராவோம். தாய் அவ்வாறு செய்ததற்கும் காரணம் உண்டு. நள்ளிரவு கடந்ததும் எழுந்தவள். ஒரே நேரத்தில் சோறும் சம்பலும் முட்டையும் பார்க்க வேண்டியவள். நீர் கொதிக்கும் வரை காத்து நிற்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை. தன் தாய் செய்யக் கண்டதையே அவளும் செய்தாள். அவளுக்கும் முன்னே ஒரு கை. அதற்கும் முன்னே மற்றொன்று. இப்படியே பின்னோக்கிச் சென்றால் குற்றவாளி கிடைக்கப் போவதில்லை.

ஆனால் வேறொன்று கிடைக்கும். அந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை மாற்றினால் நாளைய முட்டை நன்றாக உரியும் என்பது கிடைக்கும். காரணத்தைத் தேடுவதன் பயன் இதுவே. பழியைச் சுமக்கும் தலையை மாற்றுவதற்காகக் காரணம் தேடுபவர் வழக்காடுகிறார். திருத்தக்கூடிய இடத்தைக் காண்பதற்காகத் தேடுபவரே அறத்தை நாடுகிறார். மகளின் கையைத் திட்டியதால் ஒரு முட்டையும் நேராகவில்லை. நீரை முதலில் கொதிக்க வைப்பது, முட்டையை இரண்டு மூன்று நாள் முன்னதாக வாங்கி வைப்பது என்னும் இரண்டு மாற்றங்கள் அறுபது முட்டைகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றும்.

இன்னொன்றும் உண்டு. அறியாதவரை அது பிழை. அறிந்தபின் அதுவே குற்றம். முட்டை ஏன் ஒட்டுகிறது என்பதைத் தாயும் மகளும் அறிந்த நாளிலிருந்து, முன்பு தற்செயலாக இருந்தது அவர்களின் கடமையாகிவிடுகிறது. அறிந்தும் குளிர்ந்த நீரில் போட்டுவிட்டு மகளைக் கடிந்தால், அந்தச் சொல்லுக்குத் தாய் விடை சொல்லியாக வேண்டும். கொதித்த நீரில் வெந்து, ஆறவைக்கப்பட்ட முட்டையைக் கையில் பெற்றும் மகள் குதறினால், இனி முட்டையைக் காட்டித் தப்ப அவளுக்கு வழியில்லை. அறிவு பழியைக் குறைக்கவில்லை. உரிய இடத்தில் உரிய அளவில் பங்கிட்டுத் தருகிறது. மறுப்புரைத்த ஆசிரியரின் அச்சத்துக்கு இதுவே விடை.

ஆசிரியப் பணிக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. ஒவ்வோர் ஆசிரியரும் தமக்கு முன்னே பல கைகளில் இருந்து வந்த பிள்ளையைப் பெற்றுக்கொள்கிறார். தமக்குப் பின்னே மற்றொரு கையில் ஒப்படைக்கிறார். பெற்றுக்கொள்ளும்போது, "இதைக் கெடுத்தவர் யார்?" என்று கேட்பது நமக்கு எளிதாக வருகிறது. ஒப்படைக்கும்போது, "அடுத்த கைக்கு நான் என்ன நிலையில் கொடுக்கிறேன்?" என்று கேட்பது அரிதாகவே வருகிறது. இன்று வளர்படலத்தில் பட்ட உளி, என்றோ ஒருநாள் பெயரறியாத ஒருவரின் வாளியைக் குறைக்கும். அதை எண்ணி உளியைப் பிடிப்பவரே நல்ல தொழிலாளி. நல்ல ஆசிரியரும் அவரே.

அந்தச் சாலையோரக் குடும்பத்துக்குத் திரும்புவோம். சில நாள் கழித்து அதே வேளையில் மகள் தரையில் அமர்ந்திருக்கிறாள். கொதித்த நீரில் கரண்டியால் மெல்ல இறக்கி, பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேக வைத்து, குளிர்ந்த நீரில் ஆறவைத்த முட்டைகள் அவள்முன் இருக்கின்றன. அகன்ற முனையைத் தட்டுகிறாள். ஓடு சட்டைபோல் கழல்கிறது. அறுபதில் மூன்றோ நான்கோ இன்றும் பிய்ந்து வருகின்றன. தாய் அவற்றைப் பார்க்கிறாள். கடிந்துகொள்ளவில்லை.

"அந்த நாலையும் சம்பல்ல போட்டுடும்மா," என்கிறாள்.

எல்லாக் காரணங்களையும் அறிந்த பின்னும் நம் கைக்கு எட்டாத சிறு மிச்சம் ஒன்று எப்பொழுதும் இருக்கும். அதற்கு எவர்மேலும் பழி இல்லை. அந்த மிச்சத்தைப் பழியின்றி ஏற்றுக்கொள்ளவும், மற்றதைச் சோர்வின்றித் திருத்திக்கொள்ளவும் தெரிந்த வீட்டில் அறம் வாழும். அத்தகைய பள்ளியில் கல்வியும் வாழும்.